நிலம் செய்த துவக்கு

போர்த்துக்கீசியரின் ஆசிய வரலாற்றை எழுதிய தியோகோ தோ கூத்தோ, கோவாவில் இருந்த அவர்களுடைய ஆவணக் காப்பகத்துக்கும் பொறுப்பாளராக இருந்தவர். இலங்கையைப் பற்றி எழுதும்போது, ஆட்சி பிடிக்க வந்த இனம் சொல்லக் கூசும் ஒரு செய்தியை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். தங்கள் கப்பல்கள் அந்தத் தீவில் முதலில் கரை தொட்டபோது அங்கே ஒரு துவக்குகூட இல்லை. தாங்கள் ஓயாமல் நடத்திய போர்தான் அந்த மக்களுக்குத் துவக்கைப் பழக்கியது. இன்று அவர்கள் செய்யும் துவக்குகள் தங்களுடையதைவிட மேலானவை, தீவில் 20,000-க்கும் அதிகமாக இருக்கின்றன என்கிறார். போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தது 1505-ஐ ஒட்டி. கூத்தோ இறந்தது 1616-இல். அவர் சொல்வது நான்கைந்து தலைமுறைக்குள் நடந்து முடிந்த மாற்றம். கண்டிராத ஒரு கருவியைக் கண்டு, அதைச் செய்யக் கற்று, கற்பித்தவனையே மிஞ்சி, ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கக் கண்டி என்ற சிறிய மலைநாட்டால் எப்படி முடிந்தது? அந்நாட்டில் பெரிய ஆயுதச் சாலை கிடையாது. படைக்குக் கூலி கொடுக்கப் போதிய நாணயமும் கிடையாது. கைவினைஞரின் திறமை என்று மட்டும் சொல்லி இந்தக் கேள்வியைக் கடந்துவிட முடியாது என்பது என் எண்ணம். திறமை எல்லா நாட்டிலும் இருந்தது. இலங்கையில் அந்தத் திறமையைக் கட்டிவைத்த நில முறைதான் வேறாக இருந்தது. கண்டித் துவக்கு பெருகியதற்கும், அதன் வடிவத்துக்கும், அது அழிந்ததற்கும் காரணம் அந்த நில முறையே.

கூத்தோவின் பேச்சை அப்படியே நம்பலாமா என்று கேட்பவர் உண்டு. தோற்ற படையின் வரலாற்றாசிரியன் எதிரியின் ஆயுதத்தை உயர்த்திப் பேசுவது புதிதல்ல. எதிரி வலியவன் என்றால் தோல்வியின் அவமானம் குறையும். போர்த்துக்கீசியர் இலங்கையில் வாங்கிய அடி கொஞ்சமல்ல. 1559-ஐ ஒட்டி முல்லேரியாவில் சீதாவாக்கைப் படையிடம் தோற்றார்கள். 1594-இல் தந்துரேயில் பேத்ரோ லோபஸ் த சோசாவின் படை முழுதாக அழிந்தது. ஆகவே ஐயம் நியாயமானதே. ஆனால் போர்த்துக்கீசியருக்குச் சாக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லாத இருவர் இதே செய்தியைத் தனித்தனியாகச் சொல்கிறார்கள். 1580-களில் கோவாவில் பேராயரிடம் எழுத்தராக இருந்த ஒல்லாந்தர் லின்ஷோட்டன், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்களைப் போல அழகானவை வேறெங்கும் இல்லை, அவை வெள்ளி போல மின்னுகின்றன என்று எழுதினார். மாலைத்தீவில் கப்பல் உடைந்து சிக்கி, பிறகு கோவாவுக்கு வந்து சேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அந்த மக்கள் துவக்கு செய்வதில் இவ்வளவு தேர்ந்தவர்கள் என்று தாம் நினைத்தே பார்க்கவில்லை என்று வியக்கிறார். இருவரும் போர்த்துக்கீசியரின் போட்டி நாடுகளைச் சேர்ந்தவர்கள். புகழ வேண்டிய கடன் அவர்களுக்கு இல்லை. 20,000 என்ற எண்ணைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளலாம். தரத்தைப் பற்றிய சாட்சியத்தை அசைக்க முடியாது.

அடுத்த தடை இன்னும் கனமானது. அது போர்த்துக்கீசியத் துவக்கின் நகல்தானே, இதில் உள்ளூர்ப் பெருமை என்ன இருக்கிறது என்பார்கள். இதற்குத் துவக்கையே கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. வட இந்தியாவின் பழைய திரித் துவக்கில் விசையை இழுக்க இழுக்க, எரியும் திரியைப் பிடித்திருக்கும் குதிரை மெல்லச் சாய்ந்து, பற்றுமருந்து இட்ட ரஞ்சகக் கிண்ணத்தைத் தொடும். கண்டித் துவக்கின் பூட்டு அப்படிப்பட்டதல்ல. அதில் குதிரையை முன்னமே இழுத்து நிறுத்திவிட வேண்டும். விசையைத் தொட்டதும் வில் விடுபட்டு, குதிரை சட்டென்று கிண்ணத்தில் அடிக்கும். குறி பார்த்த கணத்துக்கும் வெடிக்கும் கணத்துக்கும் இடைவெளி குறைவு. இந்தப் பூட்டு லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்து, அங்கிருந்து மலாய்த் தீவுகளுக்கும் ஜப்பானுக்கும் பரவிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. பூட்டு வந்த பொருள்தான். ஆனால் அந்தக் குடும்பத்தின் மற்றத் துவக்குகளில் பூட்டு கட்டையின் வலப்பக்கம் இருக்கும்; கண்டித் துவக்கில் அது இடப்பக்கம். கிண்ணமும் பற்றுத்துளையும் குதிரையும் எல்லாம் இடப்பக்கம். பிற்காலத்தில் திரி போய்ச் சக்கிமுக்கிக் கல் வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. பூட்டின் பெரிய வில் கட்டைக்குள் மறைந்திராமல் தகட்டின் வெளிப்புறத்திலேயே படுத்திருக்கும். உறுப்புகள் குறைவு, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும்.

அடிக்கட்டைக்கு வந்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். உலகத்தில் எந்தத் துவக்கோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. தோளுக்கு வரும் முனை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் சுருண்டு முடியும். சுருளின் மேல் கொடி ஓடும். அரசவைத் துவக்கென்றால் அந்தக் கொடி தந்தத்திலோ வெள்ளியிலோ பதிக்கப்பட்டிருக்கும். அதே கொடிதான் கண்டி விகாரைகளின் கதவு நிலையிலும் தந்தப் பெட்டியிலும் ஓடுகிறது. பல துவக்குகளில் குழலின் வாய் மலர்ந்து விரிந்திருக்கும். நகல் எடுப்பவன் பக்கத்தை மாற்ற மாட்டான், தோளில் படும் பகுதியைப் புதிதாகச் சிந்திக்க மாட்டான். தனக்கு வேண்டிய பொறியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைத் தன் உளிக்கும் தன் சுத்தியலுக்கும் ஏற்பச் செய்துகொண்ட ஒரு தொழிற்கூட்டம் இங்கே தெரிகிறது.

அந்தப் பொறிகூட ஒரே வழியில் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோட்டை இராச்சியத்தின் அரசைப் போர்த்துக்கீசியர் தாங்கிப் பிடித்தபோது, அவர்களுக்கு எதிராக நின்ற சீதாவாக்கை அரசன் மாயாதுன்னை கோழிக்கோட்டுச் சாமூதிரியின் உதவியை நாடினார். மாப்பிள்ளை மாலுமிகளும் துவக்குக்காரர்களும் கடல் வழியே வந்தார்கள். 1538-இல் அப்படி இலங்கை நோக்கிப் புறப்பட்ட பெரிய கப்பற்படை ஒன்றைப் போர்த்துக்கீசியர் மண்டபத்தை அடுத்த வேதாளைக் கரையில் மறித்து முறியடித்தார்கள். இன்று இராமேசுவரம் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஊர் அது. இலங்கையின் ஆயுத வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. இன்னொரு வழி லஸ்கரின்கள். போர்த்துக்கீசியரிடம் படைவேலை பார்த்த உள்ளூர் வீரர்கள் இவர்கள். சமயம் பார்த்துத் துவக்கோடும் பயிற்சியோடும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். 1594-இலும், ஆளுநர் கொன்ஸ்தந்தீனோ த சா கொல்லப்பட்ட 1630 ரந்தெனிவெலைச் சண்டையிலும் நடந்தது இதுதான். துவக்கின் வலிமையை அந்நாட்டார் கண்கூடாகக் கண்டதும் உண்டு. 1551-இல் கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு களனியில் சாளரத்தருகே நின்றபோது ஒரு போர்த்துக்கீசியன் சுட்ட குண்டில் உயிர்விட்டான். அரசனையே ஒரு குண்டு வீழ்த்திய பிறகு அந்தக் கருவியின் மேல் அலட்சியமாக இருக்க எந்தச் சிற்றரசனாலும் முடியாது.

ஆசை இருந்தால் போதுமா? இரும்பு வேண்டும், கொல்லன் வேண்டும், அவனுக்குச் சோறு வேண்டும். இரும்புக்கு இலங்கையில் பஞ்சமில்லை. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக்கொண்டு இரும்பு உருக்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் அகழ்ந்து, 1996-இல் உலகுக்குத் தெரிவித்தார். அவை பெரும்பாலும் 7 முதல் 11-ஆம் நூற்றாண்டுவரையானவை. அந்த மரபின் கடைசி நிழலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி நேரில் பார்த்தார். கலை வரலாற்றாசிரியராகவே நாம் அவரை அறிவோம். இலங்கையில் அவர் முதலில் ஏற்ற பதவி கனிமவள ஆய்வின் இயக்குநர் பதவி. இரும்பும் உருக்கும் செய்யும் முறையை நிலவியலாளரின் கண்ணோடு பார்த்தவர் அவர். 1908-இல் வந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கொல்லரின் வேலையும் தந்தச் செதுக்கலும் விகாரை ஓவியமும் ஒரே சமூகத்தின் பல கைகளாக வருகின்றன. கண்டியின் உயர்ந்த கைவினைக் குடும்பங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவையும் உண்டு என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. துவக்குக் குழல் செய்வது அந்தக் காலத்தில் எந்த நாட்டிலும் பொறுமையைக் கேட்கும் வேலை. இரும்புத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின் மேல் சுற்றி, விளிம்போடு விளிம்பை ஒட்ட அடித்து, விரற்கடை விரற்கடையாக முன்னேற வேண்டும். ஒட்டு ஓரிடத்தில் பிசகினால் வெடிமருந்து அந்த இடத்தைத்தான் தேடும். குழல் சுடுபவனின் முகத்திலேயே சிதறும். பிறகு உள்துளையைக் கடைந்து நேராக்க வேண்டும். ஒரு குழலுக்கு நாள் கணக்கில் உழைப்பு.

அந்த நாட்களுக்கு யார் கூலி கொடுத்தது? இங்கேதான் நில முறை வருகிறது. கண்டி இராச்சியத்தில் நிலம் சும்மா யாரிடமும் இல்லை. ஒவ்வொரு நிலப்பங்கோடும் ஒரு கடமை ஒட்டியிருந்தது. அந்தக் கடமைக்குப் பெயர் இராஜகாரியம். வயலை உழுது தின்பவன் அதற்கு ஈடாகத் தன் சாதிக்கென்று விதித்த வேலையை அரசனுக்கோ விகாரைக்கோ பிரபுவுக்கோ செய்தாக வேண்டும். கொல்லர், தட்டார், தச்சர் எல்லாம் கொட்டல்பத்த என்ற பிரிவுக்குள் வந்தார்கள். தலைநகரில் அரசனின் தனித் தேவைக்காகப் பட்டல்ஹத்தர என்ற நான்கு பட்டறைகள் இருந்தன. ஊர்களில் கொட்டல்பத்தக் குடும்பங்கள் இருந்தன. கலப்பைக் கொழு அடித்த அதே உலையில் துவக்கின் பூட்டும் பழுது பார்க்கப்பட்டது. அரசனுக்குப் பணச்செலவு இல்லை. ஆயுதச் சாலை கட்ட வேண்டியதில்லை. போர்த்துக்கீசியன் ஒரு நகரத்தைக் கொளுத்தினாலும் உலைகள் நூறு ஊர்களில் எரிந்துகொண்டிருக்கும். சிறிய நாட்டில் ஆயிரக்கணக்கான துவக்குகள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடை இதுவே. பூட்டின் வில் வெளியே தெரிவதும், உறுப்புகள் குறைவாக இருப்பதும், நூறாண்டு கடந்தும் அமைப்பு பெரிதாக மாறாததும் இதோடு பொருந்திப்போகின்றன என்று நான் கருதுகிறேன். ஊர்க் கொல்லன் ஒருவன் வேறெவர் உதவியும் இல்லாமல் செப்பனிடக்கூடிய பொறி அது. மேலான பொறியாக இல்லாமல் போகலாம். எந்த ஊரிலும் சரிசெய்யத்தக்க பொறி.

வெடிமருந்தும் இதே வழியில்தான் வந்தது. ஆங்கிலேயப் படையின் மருத்துவராக 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த ஜான் டேவி, வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி; தாமும் வேதியியல் கற்றவர். மலைநாட்டின் வெடியுப்புக் குகைகளுக்கு அவர் போய்ப் பார்த்து, 1821-இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். வௌவால் அடைந்து கிடக்கும் குகையின் பாறை முகத்தைச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டிய பொடியோடு மரச்சாம்பலைக் கலப்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கரைத்து, வடிந்த நீரை வற்றவைத்து உப்பைப் படியவிடுவார்கள். சாம்பலில் இருக்கும் காரம்தான் பாறையின் உப்பை வெடிக்கும் உப்பாக மாற்றுகிறது என்பது வேதியியல் கற்ற டேவிக்குப் புரிந்தது. அந்தத் தொழிலாளிகளுக்கு அது பரம்பரை அறிவு. அவர்களும் நிலத்துக்கு ஈடாக உழைத்தவர்களே. இத்தனை அளவு வெடியுப்பை அரசனின் களஞ்சியத்தில் கொண்டுபோய் அளக்க வேண்டும் என்பது அவர்களுடைய வயலோடு ஒட்டிய கடமை. ஆக, குழல் ஒரு நிலப்பங்கிலிருந்து வந்தது, மருந்து இன்னொன்றிலிருந்து வந்தது.

சுடுபவனும் நிலத்திலிருந்தே வந்தான். 1660-இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு ஏறக்குறைய இருபதாண்டு கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், பிறகு ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்து 1681-இல் தம் நூலை வெளியிட்டார். நிலத்துக்காகவே வீரர்கள் முறை வைத்து வருவதையும், அவரவர் உணவை அவரவரே சுமந்துவருவதையும், ஒரு தாளிப்பனை ஓலையே இரவில் அவர்களுக்குக் கூடாரமாவதையும் அவர் எழுதியிருக்கிறார். துவக்குக்காரர், வெடிக்காரர், கால்களின் மேல் நிற்கும் சிறு பீரங்கியைச் சுமந்த கொடித்துவக்குக்காரர் என்று கடமை வாரியாகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு லேகம் அதிகாரியாக இருந்தார். எந்த வயலுக்கு எந்தக் கடமை என்று ஓலையில் எழுதிய பதிவேடுகளுக்கு லேகம்மிட்டி என்று பெயர். கொடித்துவக்கு என்பது இன்றும் சிங்களக் குடும்பங்கள் பலவற்றின் பெயர். பாட்டன் சுமந்த பீரங்கி பேரன் பெயரில் இருக்கிறது. போர்த்துக்கீசியரையும், பிறகு ஒல்லாந்தரையும், பிறகு ஆங்கிலேயரையும் இருநூறு ஆண்டுக்கு மேல் மலையில் காலூன்றவிடாமல் தடுத்த படை இந்த உழவர் படைதான்.

அருங்காட்சியகத்தில் கண்டித் துவக்கைப் பார்த்தவர்கள் இதை ஏற்கத் தயங்கக்கூடும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது தந்தமும் வெள்ளியும் பொன்னும் இழைத்த அலங்காரப் பொருள். இதைக் காட்டில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்களா, இது அரசவையின் ஆடம்பரம்தானே என்பது அவர்கள் கேள்வி. எந்தத் துவக்கு ஐரோப்பாவுக்குப் போனது என்பதை யோசித்தால் விடை கிடைக்கும். 1765-இல் ஒல்லாந்து ஆளுநர் லுபர்ட் யான் வான் எக் படையோடு வந்து கண்டி நகரைப் பிடித்தபோது சூறையாடப்பட்டது அரண்மனை. கீர்த்தி சிறி இராஜசிங்கன் அப்போது அரசன்; நாயக்கர் குலத்தில் வந்தவன். அரண்மனையிலிருந்து எடுத்தவனுக்கு அரண்மனைப் பொருளே கிடைக்கும். பரிசாக அனுப்பப்பட்டவையும் அப்படியே. அரசனுக்கு அரசன் அனுப்பும் துவக்கில் கொல்லன் தன் முழு வித்தையையும் காட்டுவான். ஊர்க்காரன் தோளில் கிடந்த, எண்ணெயும் புகையும் ஏறிய கட்டையை யாரும் கப்பலில் ஏற்றவில்லை. எஞ்சியவற்றை வைத்து இருந்தவற்றை அளப்பது, கோயில் நகைகளைப் பார்த்து ஒரு காலத்தில் எல்லாப் பெண்களும் அவற்றையே அணிந்தார்கள் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது. அலங்காரத் துவக்கின் பூட்டும் சாதாரணத் துவக்கின் பூட்டும் ஒரே வகைப் பூட்டு என்பதே முக்கியம். அலங்காரம் மேலே ஏறியது, பொறி அடியிலேயே இருந்தது.

தொழில்நுட்பத்தில் கண்டி பின்தங்கிவிட்டது என்ற தடைக்கு முழு மறுப்பு என்னிடம் இல்லை, பாதியை ஒப்புக்கொள்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் ஒரே அளவில் செய்த சக்கிமுக்கித் துவக்கோடும் அதன் முனையில் மாட்டும் ஈட்டியோடும் வரிசை வரிசையாக நின்று சுடப் பழகின. கண்டிக் கொல்லரும் சக்கிமுக்கிப் பூட்டு செய்தார்கள். நூறு ஊர்களில் நூறு கைகள் செய்த துவக்குகளுக்கு ஒரே அளவுக் குண்டு பொருந்தாது. பரவியிருந்த உற்பத்தியின் பலவீனம் அதுவே. 1804-இல் கேப்டன் ஆர்தர் ஜான்ஸ்டன் ஏறத்தாழ 300 பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போனார். மற்றப் படைகள் வந்து சேரவில்லை. தனியாக மாட்டிக்கொண்டு, காட்டு வழியே திருகோணமலைக்குச் சண்டையிட்டுக்கொண்டே திரும்பினார். கண்டியர் மரங்களுக்குப் பின்னாலிருந்தும் மேட்டிலிருந்தும் இரு பக்கமும் சுட்டார்கள், பாதையை மறித்தார்கள், ஆட்களை வீழ்த்தினார்கள். ஆயினும் ஒழுங்கு குலையாத அந்தச் சிறு படையை அவர்களால் அழிக்க முடியவில்லை. இதை மறைத்துக் கண்டித் துவக்கைப் போற்றுவது வரலாறாகாது. அதே நேரம், ஜான்ஸ்டனே 1810-இல் வெளியிட்ட நூலில் எதிரியின் போர்முறையை மதித்து எழுதியிருக்கிறார். அவருடைய படையெடுப்புக்கு முந்தைய ஆண்டில், 1803-இல், வேறொரு டேவியான மேஜர் டேவியின் படை கண்டியில் சரணடைந்து கொல்லப்பட்டிருந்தது. நோயும் மழையும் பட்டினியும் முடித்த வேலையைத் துவக்கு தொடங்கிவைத்தது என்பதே சரியான கணக்கு. திறந்த வெளியில் தோற்கும் கருவி, ஒற்றையடிப் பாதையில் போதுமான கருவியாக இருந்தது. அதைச் செய்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் ஒற்றையடிப் பாதையில் சுடுவதற்கான கருவியே.

இன்னும் ஒரு தடையை நானே எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த முறையைப் பற்றி எழுதும்போது அதன் அழகில் மயங்குவது எளிது. இராஜகாரியம் கட்டாய உழைப்பு. கொல்லனின் மகன் கொல்லனாகவே இருக்க வேண்டும். முடியாது என்றால் நிலம் போகும். இரும்பு உருக்கியவர்களும் வெடியுப்புச் சுரண்டியவர்களும் சாதிப் படிநிலையில் எங்கே வைக்கப்பட்டார்கள் என்பதை மறந்து அவர்களுடைய துவக்கின் தந்த வேலைப்பாட்டை மட்டும் மெச்சுவது நேர்மையில்லை. லின்ஷோட்டன் கண்ட அந்த வெள்ளி மினுக்கு யாரோ ஒருவன் மறுக்க முடியாமல் செய்த உழைப்பு. முறை கொடியது, கருவி சிறந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. முறையைப் பாராட்டாமலே, அந்த முறை இல்லாமல் இந்தக் கருவி இல்லை என்று சொல்ல முடியும். அதையே நான் சொல்கிறேன்.

அழிவின் கதையும் இதையே உறுதிசெய்கிறது. துவக்கு தன் தரக்குறைவால் மறைந்திருந்தால், 18-ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல மறைந்திருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. முதல் அடி 1766-இல் விழுந்தது. ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையால் கண்டி தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. வெடியுப்பு மலையில் உண்டு, கரி காட்டில் உண்டு. கந்தகம் தீவின் மண்ணில் கிடைக்காது. கரையில்லாத அரசன் கந்தகத்துக்குக் கடத்தல்காரனையோ பகைவனையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். இருந்தும் 1803-இல் துவக்குகள் வெடித்தன. 1815-இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தது ஏறக்குறையச் சண்டையே இல்லாமல். எஹெலபொலையும் மற்றப் பிரபுக்களும் அரசனைக் கைவிட்டதுதான் காரணம். அந்த அரசன் சிறீ விக்கிரம இராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தான். 1817-18 ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு ஊர்களிலிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. துவக்கைப் பறித்தாலும் செய்யும் கை இருந்தால் திரும்பச் செய்யலாம். ஆனால் ஆங்கிலேய அரசு அமைத்த கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1832-இல் அரசுக்கான இராஜகாரியம் ஒழிந்தது. கட்டாயம் நீங்கியது பலருக்கு விடுதலை, அதில் ஐயமில்லை. ஆனால் கொட்டல்பத்தவின் கொல்லனுக்குத் துவக்கு செய்ய இனி அரசனும் இல்லை, அதற்கு ஈடான கடமையும் இல்லை. விகாரை நிலங்களில் மட்டும் பழைய கடமை தொடர்ந்தது. ஆகவே விகாரைக்கு வேண்டிய கைவினைகள் பிழைத்தன. ஓவியன் இருந்தான், தந்தம் செதுக்குபவன் இருந்தான், விளக்கு வார்ப்பவன் இருந்தான். ஏறக்குறைய 70 ஆண்டுக்குப் பிறகு வந்த குமாரசுவாமியால் அவர்களையெல்லாம் பார்த்து எழுத முடிந்தது. கண்டிப் பாணித் துவக்கு செய்வது மட்டும் வாழும் தொழிலாக எஞ்சவில்லை. எந்தக் கைவினைக்கு நிலம் மிஞ்சியதோ அது மிஞ்சியது. இந்த ஒப்பீட்டைவிட வலுவான சான்று என் வாதத்துக்கு வேண்டியதில்லை. வன்னியிலும் கிழக்கிலும் காட்டுப்பன்றிக்காக ஊர்க்காரர் வைத்திருக்கும் இடியன் துவக்கில் பழைய பிளவுபட்ட கட்டையோ இடப்பக்கப் பூட்டோ இல்லை. அது வேறு வம்சம்.

கண்டியில் 1765-இல் எடுத்த பொருட்களில் ஆறினை நெதர்லாந்து 2023-இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. லெவ்கே திசாவை என்ற பிரபு 1740-களில் அரசனுக்குக் காணிக்கையாகத் தந்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி அவற்றுள் பேர்பெற்றது. பொன் கஸ்தானை வாளும் வெள்ளிக் கஸ்தானை வாளும் ஒரு கத்தியும் அதோடு வந்தன. இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன. பீரங்கியைப் பற்றி நாளேடுகள் நிறைய எழுதின, துவக்குகளைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அவை இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மீட்ட பொருளை அழகுப் பொருளாக மட்டும் வைத்தால் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருந்ததற்கும் கொழும்பில் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு இராது. அந்தத் துவக்குகளுக்குப் பக்கத்தில் கொட்டல்பத்தக் கடமை எழுதிய ஒரு லேகம்மிட்டி ஓலை இருக்க வேண்டும். வெடியுப்புக் குகையின் பாறைத் துண்டு ஒன்று இருக்க வேண்டும். சமனலவெவ உலையின் கசடு ஒரு கை இருக்க வேண்டும். விளக்கப் பலகை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும், அரசனின் பெயரோடு நின்றுவிடாமல், கொல்லனும் வெடியுப்புக்காரனும் எந்த நிலத்துக்காக இதைச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்தார் இதைச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.